கேட்டதையே கேட்பவருக்கு

புகழனைத்தும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் வல்ல அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் அருமை நாயகம் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



மார்க்க விளக்கம் கேட்டு வருபவர்களில் புதிய கேள்வியைக் கொண்டு வருபவர் மிகக் குறைவு. போன வருடம் கேட்டதையே இந்த வருடமும் கேட்பார்கள். காலையில் ஒருவர் கேட்டதை மாலையில் இன்னொருவர் கேட்பார். ஜும்ஆ பயானில் அரைமணி நேரம் விளக்கிய ஒரு மஸ்அலாவை, தொழுகை முடிந்து வெளியே வரும்போது செருப்பு வைக்கும் இடத்தில் நின்று ஒருவர் முதன்முதலாகக் கேட்பதுபோல் கேட்பார். ரமலான் பிறக்குமுன், ஊசி போட்டால் நோன்பு முறியுமா என்று கேட்பார்கள். ரமலான் முடியுமுன், ஃபித்ரா எவ்வளவு என்று கேட்பார்கள். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால், ஒரு மாட்டில் எத்தனை பேர் கூட்டுச் சேரலாம் என்று கேட்பார்கள்.

பள்ளிவாசல் இமாம்களுக்கு மட்டும் உள்ள நிலையன்று இது. வீட்டில் தாய்க்கும், மதரஸாவில் உஸ்தாதுக்கும், கடையில் முதலாளிக்கும், ஜமாஅத்தில் முத்தவல்லிக்கும் இதே நிலைதான். கேட்டதையே ஒருவர் திரும்பவும் கேட்கும்போது நம் நாவிலிருந்து வருவது என்ன? “எத்தனை தடவை சொல்வது?”, “போன வாரம்தானே சொன்னேன்?”, “பயானில் தூங்கிக்கொண்டிருந்தீரா?” இவைதாம் பெரும்பாலும் வருகின்றன. இப்படிப் பேசுவது பாவமா, சிறு குறையா, அல்லது களைத்துப்போன மனிதனுக்கு மன்னிக்கப்பட்டதா என்று நாம் யோசிப்பதே இல்லை. ஆனால் இது ஈமானோடு தொடர்புள்ள விஷயம். ஒரு கடுஞ்சொல்லால் ஒருவர் மார்க்கம் கேட்பதையே விட்டுவிடக்கூடும். அதன் பொறுப்பு யாருடையது? இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

திருமறை காட்டும் முறை

திருக்குர்ஆனை ஓதுபவர்களுக்கு ‘யஸ்அலூனக’ என்ற சொல் நன்கு பழக்கமானது. நபியே, உம்மிடம் அவர்கள் கேட்கிறார்கள் என்பது அதன் கருத்து. இச்சொல் திருமறையில் 15 இடங்களில் வருகிறது. பிறையைப் பற்றிக் கேட்டார்கள். மது, சூதாட்டம் பற்றிக் கேட்டார்கள். அநாதைகளைப் பற்றிக் கேட்டார்கள். மாதவிடாய் பற்றிக் கேட்டார்கள். ரூஹைப் பற்றிக் கேட்டார்கள். மலைகளின் கதி என்ன என்றுகூடக் கேட்டார்கள். கேட்டவர்களில் உண்மையாகத் தெரிந்துகொள்ள விரும்பிய தோழர்களும் இருந்தார்கள்; சோதித்துப் பார்க்க வந்தவர்களும் இருந்தார்கள். அர்ஷின் அதிபதியான அல்லாஹ் இக்கேள்விகளைத் தன் வேதத்தில் இடம்பெறச் செய்து, விடையையும் தானே அருளினான் என்றால், ஓர் அடியான் கேட்கும் கேள்விக்கு எவ்வளவு கண்ணியம் இருக்கிறது என்று பாருங்கள்!

இதில் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சூரத்துல் பகராவில் 215-வது வசனத்தில், எதைச் செலவிடுவது என்று உம்மிடம் கேட்கிறார்கள் என வருகிறது. நான்கே வசனங்கள் கழித்து, 219-வது வசனத்தில் அதே கேள்வி அதே சொற்களில் மறுபடியும் வருகிறது. முன்பே சொல்லியாகிவிட்டது என்று அங்கே அல்லாஹ் விட்டுவிடவில்லை. மீண்டும் விடை தருகிறான். அதுவும் வேறு விடை! முதல் இடத்தில், பெற்றோர், உறவினர், அநாதைகள், ஏழைகள், வழிப்போக்கர் என்று யாருக்குச் செலவிட வேண்டும் என்பதைச் சொல்கிறான். இரண்டாவது இடத்தில், தேவைக்குப் போக மிஞ்சியதைச் செலவிடுமாறு அளவைச் சொல்கிறான்.

கேள்வியின் சொற்கள் ஒன்றாயிருந்தாலும் கேள்வி ஒன்றாகிவிடாது. கேட்பவரின் தேவை வேறாயிருக்கலாம் என்ற பெரிய பாடம் இதில் அடங்கியிருக்கிறது. ஆகவே, கேட்டதையே கேட்கிறார் என்று நாம் முடிவு கட்டுமுன், உண்மையில் அவர் அதைத்தான் கேட்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

சூரத்துள் ளுஹாவில் நாயகம் (ஸல்) அவர்களுக்கு அல்லாஹ் தன் அருட்கொடைகளை நினைவூட்டிவிட்டு, கேட்டு வருபவரை விரட்ட வேண்டாமென்று கட்டளையிடுகிறான். யாசகம் கேட்பவர் மட்டுமல்ல, மார்க்க விளக்கம் கேட்பவரும் இதில் சேருவார் என்று தஃப்ஸீர் ஆசிரியர்கள் எழுதியுள்ளனர். வாசலில் வந்து நிற்கும் ஏழைக்கு நேற்றும் சோறு போட்டோமே என்று இன்று நாம் கதவைச் சாத்துவதில்லை. நேற்று உண்டவனுக்கு இன்றும் பசிக்கும் என்பது நமக்குத் தெரியும். அறிவுக்காக வந்து நிற்பவரின் பசியும் அப்படிப்பட்டதுதானே!

அருமை நாயகத்தின் நடைமுறை

நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு வார்த்தையைச் சொன்னால், கேட்பவர் விளங்கிக்கொள்ளும் பொருட்டு அதை மூன்று முறை திருப்பிச் சொல்வார்கள் என்று ஹஜ்ரத் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பது ஸஹீஹ் புகாரியில் உள்ளது. யாரும் கேட்காமலேயே மூன்று முறை! நாமோ இரண்டாவது முறைக்கே முகம் சுளிக்கிறோம்.

ஒருவர் வந்து தமக்கு உபதேசம் செய்யுமாறு வேண்டினார். கோபப்படாதீர் என்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். ஒவ்வொரு முறையும் அதே விடையைத்தான் சொன்னார்கள். விடையும் கோபத்தைப் பற்றியது. விடை சொன்ன முறையிலும் கோபம் இல்லை. அந்த உபதேசம் சொல்லால் மட்டுமன்றி, செயலாலும் அவருக்குக் கிடைத்துவிட்டது.

ஹஜ்ஜத்துல் விதா நடந்த ஹிஜ்ரி 10-ம் ஆண்டில் மினாவில் நடந்ததைப் பாருங்கள். மக்கள் கூட்டங்கூட்டமாக வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர், அறியாமல் குர்பானி கொடுக்குமுன் தலைமுடியை மழித்துவிட்டேன் என்றார். இன்னொருவர், கல் எறியுமுன் அறுத்துவிட்டேன் என்றார். இப்படி முன்பின் மாறிச் செய்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தபடி இருந்தார்கள். அன்று கேட்ட ஒவ்வொருவருக்கும், செய்யுங்கள், குற்றமில்லை என்ற ஒரே விடையைத்தான் சொன்னார்கள் என்று ஹஜ்ரத் அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். முன்னே வந்தவருக்குச் சொன்னதைக் கேட்டுக்கொள்ளக் கூடாதா என்று எவரையும் கடிந்துகொள்ளவில்லை. காரணம், கூட்டத்தில் நிற்பவனுக்குத் தன் ஹஜ்ஜு கெட்டுவிட்டதோ என்ற பதற்றம். அடுத்தவனுக்குச் சொன்ன விடை அந்தப் பதற்றத்தைத் தீர்க்காது. தன் முகத்தைப் பார்த்து, தனக்கென்று சொன்னால்தான் நெஞ்சு ஆறும்.

ஹஜ்ரத் அபூ ரிஃபாஆ (ரலி) அவர்களுடைய வரலாறு ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. நாயகம் (ஸல்) அவர்கள் குத்பா ஓதிக்கொண்டிருந்த நேரம். வெளியூரிலிருந்து ஒருவன் வந்திருக்கிறேன். என் மார்க்கம் என்னவென்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்க வந்தேன் என்கிறார் இவர். நாயகம் (ஸல்) அவர்கள் குத்பாவை நிறுத்திவிட்டு இவரிடம் வந்தார்கள். ஒரு நாற்காலி கொண்டுவரப்பட்டது. அதில் அமர்ந்து இவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பின்னர் திரும்பிச் சென்று குத்பாவை நிறைவு செய்தார்கள். இவர் கேட்டது மதீனாவாசிகள் அனைவருக்கும் நன்றாகத் தெரிந்த விஷயம். அந்தச் சபையில் இருந்த சிறுவரைக் கேட்டாலும் சொல்லியிருப்பர். ஆனால் இவருக்கு அது முதல் நாள். நமக்கு அது நூறாவது கேள்வியாயிருக்கலாம். கேட்பவருக்கு அது முதற்கேள்வி என்பதை மறந்துவிடக் கூடாது.

ஏன் மறுபடியும் கேட்கிறார்?

திரும்பத் திரும்பக் கேட்பவர்கள் எல்லாரும் ஒரே வகையினர் அல்லர். வகை தெரிந்தால் விடை சொல்வது எளிதாகும்.

முதலாமவர், விளங்காதவர். வெட்கத்தால் தலையாட்டிவிட்டுப் போய், மறுநாள் வருவார். இவரை நாம் பாராட்ட வேண்டும். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தாங்கள் விளங்காத எதைக் கேட்டாலும், விளங்கும் வரை மீண்டும் கேட்காமல் விடமாட்டார்கள் என்று புகாரியில் வருகிறது. விசாரணை செய்யப்படுபவர் வேதனைக்குள்ளாவார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னபோது, எளிதான விசாரணை என்று அல்லாஹ் சொல்லியிருக்கிறானே என அன்னையார் எதிர்க்கேள்வி கேட்டார்கள். அது வெறுமனே காட்டப்படுவது. துருவித் துருவிக் கேட்கப்படுபவர்தாம் அழிந்துபோவார் என்ற விளக்கம் அதனால் உம்மத்துக்கே கிடைத்தது. அன்னையாரின் மறுகேள்வி இல்லாவிட்டால் இந்த விளக்கம் நமக்கு எங்கே கிடைத்திருக்கும்?

இரண்டாமவர், மறந்துவிட்டவர். வயதானவர்கள், நோயாளிகள், நான்கு பிள்ளைகளோடு அல்லாடும் தாய்மார்கள் இதில் அடங்குவர். இவர்களுக்கு நீண்ட விளக்கம் வேண்டாம். சுருக்கமான விடையும், முடிந்தால் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பதும் போதும்.

மூன்றாமவர், நிலை மாறிவிட்டவர். போன வருடம் ஜகாத் எவ்வளவு என்று கேட்டவர் இந்த வருடமும் கேட்கிறார் என்றால் அதில் என்ன தவறு? ஜகாத்தின் நிஸாப் 87.48 கிராம் தங்கம் அல்லது 612.36 கிராம் வெள்ளி என்பது மாறாது. அதன் ரூபாய் மதிப்பு மாறிக்கொண்டே இருக்கிறது. அவருடைய கையிருப்பும் கடனும் மாறியிருக்கும். இன்னொன்றும் உண்டு. பரங்கிப்பேட்டைப் பக்கத்திலிருந்து நம் ஊருக்கு மருமகளாக வந்த பெண், உடுத்தும் நகைக்கு ஜகாத் உண்டா என்று கேட்பாள். பிறந்த வீட்டில் ஷாஃபிஈ மத்ஹபு. பெண் வழக்கமாக அணியும் ஆகுமான நகைக்கு அங்கே ஜகாத் இல்லை என்று கேட்டு வளர்ந்திருப்பாள். புகுந்த வீடு ஹனஃபி; இங்கே அணியும் நகைக்கும் ஜகாத் உண்டு என்பார்கள். மாமியாருக்குச் சொன்ன விடையையே இவளுக்கும் சொல்லி அனுப்பினால் அவள் குழம்பித்தான் போவாள். எந்த மத்ஹபைப் பின்பற்றுகிறாய் அம்மா என்று முதலில் கேட்பதுதான் முறை.

நான்காமவர், அச்சப்பட்டவர். இவரைப் பற்றிச் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும். கணவரை இழந்து இத்தாவில் இருக்கும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். சர்க்கரை நோய்க்காக மருத்துவமனைக்குப் போக வேண்டும். போகலாமா என்று மகனை அனுப்பிக் கேட்கிறாள். அவசியத்துக்காகப் போய்விட்டு வீடு திரும்பலாம் என்று விடை போகிறது. பக்கத்து வீட்டுப் பெண்கள், நான்கு மாதம் பத்து நாள் நிலைப்படி தாண்டினால் மையித்துக்கு ஆகாது என்று பயமுறுத்துகிறார்கள். மறுநாள் மகன் மறுபடியும் வருகிறான். “நேற்றுத்தான் சொன்னேனே!” என்று அவனை அதட்டி அனுப்பிவிட்டால் என்ன நடக்கும்? அவள் வீட்டிலேயே அடைந்து கிடப்பாள், நோய் முற்றும். அவளுக்குச் சட்டம் தெரியும். அந்தச் சட்டத்தின் மீது நம்பிக்கையோடு நிற்கத் துணைதான் அவளுக்கு வேண்டியிருக்கிறது. அவசியத்துக்குப் போவதில் உங்களுக்கும் குற்றமில்லை, உங்கள் கணவருக்கும் எந்தக் கேடுமில்லை, தைரியமாகப் போய் வாருங்கள் அம்மா என்று இன்னொரு முறை சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

அறியாமல் சொன்ன விடை ஆளையே கொன்ற சம்பவம் ஹதீஸில் இருக்கிறது. பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்ய எனக்குச் சலுகை உண்டா என்று கூட இருந்தவர்களைக் கேட்டார். இல்லை என்றார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி எட்டியபோது நாயகம் (ஸல்) அவர்கள் மிகவும் கடிந்துகொண்டு, தெரியாவிட்டால் கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு மருந்து கேட்பதுதானே என்ற கருத்தில் கூறினார்கள். இதை ஹஜ்ரத் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்க, அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. நாம் விரட்டிவிடுகிறவர் கேட்பதை நிறுத்திவிடமாட்டார். அறியாதவரிடம் போய்க் கேட்பார். இதுதான் இதிலுள்ள ஆபத்து.

ஐந்தாமவர், வஸ்வாஸ் என்னும் ஊசலாட்டத்தில் சிக்கியவர். உளு முறிந்ததா, தொழுகை கூடியதா, தலாக் என்ற சொல் வாயில் வந்துவிட்டதா என்று ஒரு நாளில் நான்கு முறை கேட்பார். இவருக்கு மட்டும் விளக்கத்தை நீட்டக் கூடாது. நீட்டினால் ஒவ்வொரு விடையிலிருந்தும் ஒரு புதுச் சந்தேகம் முளைக்கும். சப்தம் கேட்காத வரை, வாடை உணராத வரை தொழுகையை விட்டு விலக வேண்டாம் என்பது நாயகம் (ஸல்) அவர்கள் இத்தகையவருக்குச் சொன்ன மருந்து. சந்தேகத்தால் உறுதி நீங்காது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. இதை அன்போடு ஒரே வரியில் சொல்லி, இனி இதைப் பற்றி யோசிக்கவும் வேண்டாம், கேட்கவும் வேண்டாம் என்று அனுப்ப வேண்டும். மிகவும் முற்றிய நிலையாயிருந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்படி வீட்டாருக்குச் சொல்வதும் நம் கடமை.

ஆறாமவர், தாம் விரும்பும் விடை கிடைக்கும் வரை ஆலிமுக்கு ஆலிம் ஏறி இறங்குபவர். இவருக்கான உபதேசத்தைப் பின்னால் சொல்வோம்.

சூளைக்கு முன்னே நிற்பவர் கேட்பது

கம்மாபுரம், விருத்தாசலம் வட்டாரத்தில் பீங்கான் தொழில் பிரசித்தமானது. பொம்மைகளும் மின்சாரத்துக்கான பீங்கான் சாமான்களும் இங்கிருந்து பல ஊர்களுக்குப் போகின்றன. ஆகவே மற்ற ஊர்களில் அபூர்வமாகக் கேட்கப்படும் மஸ்அலா இங்கே அன்றாடம் வரும். களிமண் கூழில் கைவைத்து வேலை செய்கிறோம், நகத்தடியில் மண் ஒட்டியிருக்கிறது, உளு கூடுமா? வேலைக்குப் புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் இதைக் கேட்பார்.

சுமார் 350 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட ஃபதாவா ஆலம்கீரியில் இக்கேள்வி இருக்கிறது என்று சொன்னால் அவர்கள் வியப்படைகிறார்கள். களிமண் வேலை செய்பவர், மருதாணியிட்ட பெண், தோல் பதனிடுபவர், சாயம் போடுபவர் ஆகியோரைப் பற்றி ஓர் அறிஞரிடம் கேட்கப்பட்டதும், இதைத் தவிர்ப்பது அவர்களுக்குச் சிரமமாதலால் உளு கூடும் என்று அவர் சொன்னதும் அதில் பதியப்பட்டுள்ளன. அதே நேரத்தில், தண்ணீரைத் தோலில் படவிடாமல் மூடிக்கொள்ளும் பெயிண்டு, பசை போன்றவற்றை நீக்கிவிட்டுத்தான் உளு செய்ய வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபினர் நகத்தடியையும் நன்றாகச் சுத்தம் செய்துகொள்வதே பேணுதலாகும். நூற்றாண்டுகளாகக் கேட்கப்பட்டு வரும் கேள்வியை ஒரு தொழிலாளி இன்றும் கேட்கிறார் என்றால், தொழுகை கூட வேண்டுமே என்ற கவலை இந்த உம்மத்தில் இன்னும் உயிரோடிருக்கிறது என்றுதான் பொருள். அதற்காக நாம் அல்ஹம்து லில்லாஹ் சொல்ல வேண்டும்.

ரமலானில் சூளை வேலைக்காரர் நோன்பை விடலாமா என்பதும் அப்படித்தான். வெப்பம் இருக்கிறது என்பதால் முதலிலேயே நோன்பை விடக் கூடாது. நிய்யத்து வைத்து நோன்போடு வேலைக்குச் செல்ல வேண்டும். முடிந்தால் இரவு வேலையை மாற்றிக் கேட்டுக்கொள்ளலாம். உடலுக்குத் தீங்கு நேரும் என்ற நிலை உண்மையாகவே வந்துவிட்டால் முறித்துவிட்டுப் பின்னர் களாச் செய்ய வேண்டும். இதை வருடந்தோறும் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லத்தான் வேண்டும்.

இத்தொழிலிலேயே நமக்கு ஒரு படிப்பினையும் இருக்கிறது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் களிமண் கூழை ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, மண் ஓரத்தில் படிந்து பொம்மையாகிறது. ஆயிரம் பொம்மைகளுக்கும் ஒரே உருவம்தான். ஆனாலும் ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்து, விளிம்பைச் செதுக்கி, ஈரத்துணியால் துடைத்து, காயவைத்துத்தான் சூளைக்கு அனுப்ப வேண்டும். இது ஆயிரத்தோராவது பொம்மைதானே என்று அலட்சியம் செய்தால் அந்த ஒன்று வெடித்துவிடும். அதுபோல் அச்சையும் ஓய்வின்றிப் பயன்படுத்த முடியாது. தொடர்ந்து ஊற்றினால் ஈரம் ஊறி, பொம்மை அச்சை விட்டு வராது. அதை வெயிலில் காயவைத்த பிறகே மறுபடியும் ஊற்ற வேண்டும்.

விடை சொல்பவருக்கும் இந்த ஓய்வு தேவை. ஹஜ்ரத் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வியாழக்கிழமைதோறும்தான் உபதேசம் செய்வார்கள். தினமும் செய்யுங்கள் என்று ஒருவர் கேட்டபோது, உங்களைச் சலிப்படையச் செய்துவிடுவேனோ என்று அஞ்சுகிறேன். நாயகம் (ஸல்) அவர்களும் எங்கள் விஷயத்தில் அப்படித்தான் பேணினார்கள் என்றார்கள். களைத்திருக்கும்போது கடுகடுப்பாக விடை சொல்வதைவிட, அஸருக்குப் பிறகு வாருங்கள், நிதானமாகப் பேசுவோம் என்று மென்மையாகச் சொல்வது மேல். கோபத்தில் இருக்கும் நிலையில் இருவருக்கிடையே தீர்ப்பு வழங்க வேண்டாமென்று காஜிகளுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் தடை விதித்துள்ளார்களே! ஃபத்வாவுக்கும் அது பொருந்தும் என்று உலமாக்கள் கூறுகின்றனர்.

விடை சொல்பவர் பேண வேண்டியவை

முதலில், கேட்பவரை முழுமையாகப் பேசவிட வேண்டும். பாதியிலேயே, இது அந்தக் கேள்விதான் என்று குறுக்கிட்டால், அவர் சொல்ல வந்த முக்கியமான விவரம் விடுபட்டுப்போகும்.

இரண்டாவது, பழைய விடையைக் கைகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. அந்தக் கிதாபில் இருக்கிறது போய்ப் பார் என்பதும், போன பயானில் சொன்னேன் என்பதும் விடையாகா. நூலைக் காட்டுவது நல்லதுதான். எந்தப் பக்கம், எந்தப் பத்தி என்று எடுத்துக் கொடுத்து, சுருக்கத்தை வாயாலும் சொல்லிவிட வேண்டும். படிக்கத் தெரியாதவர், கண் மங்கியவர் என்று பலரும் கேட்பவர்களில் இருப்பார்கள்.

மூன்றாவது, பிறர் முன்னிலையில் வெட்கப்படுத்தக் கூடாது. முஆவியா இப்னுல் ஹகம் (ரலி) அவர்கள் சட்டம் அறியாமல் தொழுகைக்குள்ளேயே பேசிவிட்டார்கள். கூடியிருந்தவர்கள் முறைத்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் திட்டவுமில்லை, அடிக்கவுமில்லை, முகம் சுளிக்கவுமில்லை. தொழுகையில் மனிதப் பேச்சு கூடாது என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களைப் போன்ற ஓர் ஆசிரியரை அதற்கு முன்னும் பின்னும் தாம் கண்டதில்லை என்று அந்த ஸஹாபி காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெண்களின் கேள்விகளில் இந்தப் பேணுதல் இன்னும் அதிகமாக வேண்டும். மார்க்கத்தைத் தெரிந்துகொள்வதற்கு வெட்கம் தடையாகாத அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்திருக்கிறார்கள்.

நான்காவது, தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் ஏராளமான கேள்விகளுக்கு எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கிறார்கள். பலமுறை கேட்கப்பட்ட கேள்வி என்பதால் அவசரப்பட்டு வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடும் அபாயம் அதிகம். லால்பேட்டை, வேலூர் போன்ற இடங்களில் உள்ள அரபிக் கல்லூரிகளின் பெரியவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்பதில் இழிவு எதுவுமில்லை.

ஐந்தாவது, ஒரே கேள்வி பலரிடமிருந்து வருகிறதென்றால் அதை எழுதிவைக்க வேண்டும். நம் முன்னோர்கள் இப்படித்தான் செய்தார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் அரபுத்தமிழில் இயற்றிய ‘மகானி’ என்ற ஃபிக்ஹு நூல், தமிழகத்திலும் இலங்கையிலும் பல தலைமுறைகளாக வீடுகளில் ஓதப்பட்டது. கேட்க வாய்ப்பில்லாத பெண்களுக்கும் அது விடை சொல்லியது. இன்று ஒவ்வொரு மஹல்லாவிலும் ஃபித்ரா அளவு, ஜகாத் நிஸாபின் அன்றைய மதிப்பு, இத்தாவின் சட்டங்கள், மையித்துக் குளிப்பாட்டும் முறை ஆகியவற்றை எளிய தமிழில் எழுதிப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டலாம். வீட்டுக்கு ஒரு பிரதி கொடுக்கலாம். பாதிக் கேள்விகள் அதில் தீரும். மீதியுள்ளவர் பலகையைப் பார்த்த பிறகும் வந்து கேட்பார். அவருக்கும் விடை சொல்ல வேண்டியதுதான்.

கேட்பவர் பேண வேண்டியவை

இதுவரை சொன்னவற்றைக் கேட்டுவிட்டு, எப்படி வேண்டுமானாலும் கேட்கலாம் போலிருக்கிறதே என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. கேட்பதற்கும் ஒழுக்கம் உண்டு.

பனூ இஸ்ராயீலருக்கு ஒரு மாட்டை அறுக்குமாறு கட்டளை வந்தது. ஏதேனும் ஒரு மாட்டை அறுத்திருந்தால் போதும். அவர்களோ அது எப்படிப்பட்டது, அதன் நிறம் என்ன, எங்களுக்குக் குழப்பமாயிருக்கிறதே என்று மூன்று முறை கேட்டார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் கட்டுப்பாடு ஒன்று கூடியது. தெரிந்துகொள்வதற்காகக் கேட்கவில்லை, செய்யாமல் தப்பிக்கவே கேட்டார்கள். அதனால்தான் அது பழிப்புக்குரியதாயிற்று.

ஹஜ்ஜு கடமை என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தபோது, ஒவ்வோர் ஆண்டுமா என்று ஒருவர் மூன்று முறை கேட்டார். நாயகம் (ஸல்) அவர்கள் மௌனமாக இருந்தார்கள். பிறகு, ஆம் என்று சொல்லியிருந்தால் அது கடமையாகிவிடும், உங்களால் இயலாது என்று விளக்கி, தேவையற்ற கேள்விகளால் முன்சென்ற சமுதாயங்கள் அழிந்ததை எச்சரித்தார்கள். சில கேள்விகளுக்கு மௌனமே விடை என்பதும் இதிலிருந்து விளங்குகிறது.

ஒரு கிராமவாசி கியாமத்து எப்போது என்று கேட்டபோதோ, அதற்காக நீர் எதைத் தயாரித்து வைத்திருக்கிறீர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். பயனில்லாத கேள்வியைக் கூடப் பயனுள்ள திசையில் திருப்பிவிட்டார்கள்.

விடைக்காக ஆலிமுக்கு ஆலிம் அலைபவர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். நாம் சொல்லும் விடை அவர் சொல்லும் விவரத்தைப் பொறுத்தது. ஒருவரிடம் சொன்ன விவரத்தை இன்னொருவரிடம் மறைத்து, சாதகமான ஃபத்வாவை வாங்கிவிட்டால் ஹராம் ஹலாலாகிவிடாது. மக்கள் என்ன ஃபத்வா கொடுத்தாலும் உம் உள்ளத்தைக் கேட்டுப் பாரும் என்ற கருத்தில் ஹஜ்ரத் வாபிஸா (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னது இத்தகைய இடத்துக்குத்தான்.

மற்றபடி, முன்பு கேட்டிருந்தால் அதைச் சொல்லிவிட்டே கேளுங்கள். எது விளங்கவில்லை என்று குறிப்பிடுங்கள். விடையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேட்டவுடன் அமல் செய்யுங்கள். அமல் செய்தது மறக்காது.

நம் வீட்டு வாசலுக்குள்ளே

சகோதர, சகோதரிகளே! இது ஆலிம்களுக்கான பாடம் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தப் பாடத்தின் பெரிய பரீட்சை நம் வீட்டுக்குள்ளேதான் நடக்கிறது.

சிறு பிள்ளை ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்கும். அல்லாஹ் எங்கே இருக்கிறான், மௌத்தானவர் எங்கே போனார், நன்னா ஏன் திரும்பி வரவில்லை என்று கேட்கும். சும்மா இரு என்று வாயை அடைத்தால், அந்தக் குழந்தை கேள்வியை விடாது. கேட்கும் ஆளைத்தான் மாற்றிக்கொள்ளும். வளர்ந்த பிறகு நம் பிள்ளை நம்மிடம் மனம் திறப்பதில்லை என்று அழுது என்ன பயன்?

வயதான பெற்றோர் நிலையோ இதைவிடக் கவனத்துக்குரியது. மகன் வேலையிலிருந்து வந்ததும், சாப்பிட்டாயா என்று அத்தா கேட்பார். ஆயிற்று என்பான். கால்மணி நேரத்தில் மறுபடியும் கேட்பார். இன்று என்ன கிழமை என்று அம்மா காலையிலிருந்து ஐந்து முறை கேட்டிருப்பாள். மஃக்ரிபு தொழுதேனா என்று இஷாவுக்குள் மூன்று முறை கேட்பாள். அங்கே நம் வாயிலிருந்து என்ன வருகிறது? ‘சே!’ என்ற ஓர் எழுத்துத்தான். அந்த ஓர் எழுத்தைத்தான் அல்லாஹ் தடுத்திருக்கிறான்! பெற்றோரில் ஒருவரோ இருவருமோ உம்மிடத்தில் முதுமையை அடைந்துவிட்டால் அவர்களைப் பார்த்து ‘உஃப்’ என்றுகூடச் சொல்ல வேண்டாம், விரட்ட வேண்டாம், கண்ணியமான பேச்சையே பேச வேண்டும் என்று சூரத்து பனீ இஸ்ராயீலில் கட்டளையிடுகிறான். முதுமையைக் குறிப்பாகச் சொன்னது ஏன்? கேட்டதையே கேட்கும் பருவம் அதுதான். விரட்ட வேண்டாம் என்று இங்கே வரும் சொல்லும், கேட்டு வருபவரை விரட்ட வேண்டாம் என்று சூரத்துள் ளுஹாவில் வரும் சொல்லும் அரபியில் ஒரே வேரிலிருந்து வந்தவை.

அத்தா ஐந்தாம் முறை கேட்டாலும், ஆயிற்று அத்தா, நீங்கள் சாப்பிட்டீர்களா என்று முகமலர்ந்து சொல்லுங்கள். அவர் கேட்பது சோற்றைப் பற்றியன்று. மகனின் குரலை இன்னொரு முறை கேட்க ஆசைப்படுகிறார். அல்லது மறதியின் இருட்டில் பிடித்துக்கொள்ள ஒரு கை தேடுகிறார். தொழுதேனா என்று கேட்கும் தாய்க்கு, தொழுதுவிட்டீர்கள் அம்மா, நான் பார்த்தேன் என்று சொல்லுங்கள். அறிவு மயங்கியவர்மீது அல்லாஹ் சுமை வைக்கவில்லை. அவருக்கு விடை சொல்லும் பொறுப்பை நம்மீது வைத்திருக்கிறான்.

நன்மையான சொல்லும் ஸதகா என்றும், சகோதரனின் முகம் பார்த்துப் புன்னகைப்பதும் ஸதகா என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருக்கிறார்கள். அப்படியானால் ஒரே விடையைப் பத்து முறை மலர்ந்த முகத்தோடு சொன்னவர் பத்து ஸதகா செய்தவராகிறார். கைக்காசு செலவில்லாமல் கிடைக்கும் இந்த நன்மையை நாம் ஏன் கோபத்துக்கு விற்க வேண்டும்? நாமும் நாளும் ஐந்து நேரம் ஒரே ஃபாத்திஹாவை ஓதி, ஒரே நேர்வழியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். நேற்றுத்தானே கேட்டாய் என்று நம்மைப் படைத்தவன் ஒருநாளும் விரட்டியதில்லை.

யா அல்லாஹ்! கேட்பவரை விரட்டாத நாவையும், கேட்டதை விளங்கிக்கொள்ளும் உள்ளத்தையும், விளங்கியதை அமல் செய்யும் உறுதியையும் எங்கள் அனைவருக்கும் தந்தருள்வாயாக! எங்கள் பெற்றோருக்குக் கருணை புரிவாயாக! எங்கள் பிள்ளைகளை எங்களிடமே கேட்டுத் தெளிபவர்களாக ஆக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன். வஸ்ஸலாம்.